வழியில் மோதும் துகள்கள்

அணுக்கருவினுள்ளே நிகழ்வதைக் கண்ணால் கண்டவர் இல்லை. அதிலிருந்து தெறித்து வரும் துகள்களைக் கொண்டே நாம் அதனை ஊகித்தறிகிறோம். வந்த துகள் வழியில் பிறிதொன்றின்மீது மோதி வந்திருப்பின் அந்த ஊகம் என்னாவது?

புரோட்டான்களுக்கும் நியூட்ரான்களுக்கும் நியூக்ளியான் என்பது பொதுப்பெயர். கருவினுள் அவற்றுட் சில கணநேரம் இரண்டிரண்டாக மிக நெருங்கி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பெருவேகத்துடன் விரைகின்றன. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜெஃபர்சன் ஆய்வகத்தில், கார்பன் கருவின்மீது எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி இவ்விணைகளை ஆராய்ந்தார்கள். 2008-இல் முடிவு வெளியாயிற்று. கார்பனின் நியூக்ளியான்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு இணைகளில் உள்ளன. அவ்விணைகளில் சுமார் 90 விழுக்காடு, புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த கலப்பு இணைகள். இரண்டும் புரோட்டானாக அமைந்தவை சுமார் 5 விழுக்காடே.

எண்ணியது எவ்வாறு? எலெக்ட்ரான் இழந்த உந்தத்தையும், வெளிவந்த புரோட்டானின் உந்தத்தையும் அளக்கிறோம். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால், அடிபடுமுன் புரோட்டான் கொண்டிருந்த உந்தம் கிடைக்கும். பேரேட்டுக் கணக்கைப்போல் எளிதுதான்! ஆனால் கேரம் ஆடுவோர் அறிவர்: அடிபட்ட காய் வழியில் வேறொரு காயில் இடித்துத் திசை மாறுவதுண்டு. இறுதித் திசையை மட்டும் கண்டவர்க்கு அடி விழுந்த திசை விளங்காது. அவ்வாறே, மெல்ல உலவிய புரோட்டான் ஒன்று அடிபட்டு வெளியேறுகையில் அயல் நியூக்ளியானில் மோதினால், முன்னமே பெருவேகம் கொண்டிருந்ததாகக் கணக்கில் தோன்றும். மோதுண்டதும் அதன் துணைபோலவே வெளிவரும். இல்லாத இணை ஏட்டில் ஏறிவிடும். இதுவே மறுசிதறல்.

இதனை அறவே நீக்க இயலாது, குறைக்கலாம். விரையும் புரோட்டானை மறுசிதறல் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. ஆகையால், எலெக்ட்ரான் தந்த உந்தத்துக்குப் பெரிதும் எதிர்முகமாக விரைந்திருந்த புரோட்டான்களையே தேர்ந்துகொள்கிறார்கள். எஞ்சும் மறுசிதறல் பெரும்பாலும் இணையின் இரு துகள்களுக்கிடையிலேயே நிகழும் என்பது கோட்பாட்டாளர் கணிப்பு. அப்போது ஒவ்வொன்றின் பங்கு மாறுமேயன்றி மொத்த உந்தம் மாறாது.

நமக்கு இவற்றினும் நுட்பமாகத் தோன்றுவது வேறொன்று. வெளியேறும் நியூட்ரான் ஒரு புரோட்டானோடு மோதி, மின்னூட்டம் கைமாறி, புரோட்டானே வெளிவருவதும் உண்டு. நூற்றுக்கு ஒரு நியூட்ரான் இவ்வாறு மாறுவதாக வைத்துக்கொள்வோம். 90 என்னும் பெருந்தொகையில் அந்த ஒன்று தெரியாது. ஆனால் அதனால் 5 என்னும் சிறுதொகை ஏறத்தாழ 6 ஆகிவிடும்! ஆகவே ஆய்வாளர்கள் இக்கலப்பின் அளவை மதிப்பிட்டுத் திருத்திய பின்னரே அச்சிறுதொகையை வெளியிட்டார்கள்.