பெயரை மூடிவிட்டுக் குடித்தபோது

1976 மே 24. பாரிஸில் ஒரு ஹோட்டல். பிரான்ஸின் பேர்போன ஒயின் நிபுணர்கள் ஒன்பது பேர் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமலே மதிப்பெண் போட வேண்டும். ஏற்பாடு செய்தவர் ஸ்டீவன் ஸ்பரியர், பாரிஸில் ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர். பிரெஞ்சு ஒயின்களோடு கலிபோர்னியா ஒயின்களையும் அவர் கலந்து வைத்திருந்தார்.

வெள்ளையில் முதலிடம் ஷாட்டோ மான்டெலீனா 1973. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973. இரண்டும் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. ஒரு நடுவர் நாபா ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, பிரான்ஸுக்கே திரும்பி வந்துவிட்டதாகப் பூரித்துப்போனார். முடிவு தெரிந்ததும் இன்னொருவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். அங்கே இருந்த ஒரே பத்திரிகையாளர், டைம் இதழின் ஜார்ஜ் டேபர், இதையெல்லாம் எழுதி உலகுக்குச் சொன்னார்.

நிபுணர்களை மட்டம் தட்டுவதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவர்கள் நாக்கு பழுதில்லை. பெயரும் விலையும் நமக்கு முன்னாலேயே ஒயினைக் குடித்துவிடுகின்றன, அவ்வளவுதான். 2008-இல் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஒயினை 5 டாலர் என்றும் 45 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். விலை கூடியதாகச் சொன்னபோது குடித்தவர்களுக்கு அதிகம் பிடித்தது. வாய் வார்த்தைக்காக அப்படிச் சொல்லவில்லை. ஸ்கேனில் பார்த்தால் மூளையில் இன்பத்தை உணரும் பகுதியே கூடுதலாக வேலை செய்தது.

அப்படியானால் கடையில் நிற்கும் சாதாரண ஆள் எதை நம்புவது? தன் நாக்கைத்தான். அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. மாங்காயைக் கடித்தால் வாயோரம் நீர் ஊறுமே, அந்தப் புளிப்பு ஒயினில் உண்டு. நாவல்பழம் தின்றதும் நாக்கு வறண்டு இழுக்குமே, அந்தத் துவர்ப்பும் உண்டு. ஒயின்காரர்கள் அதை டானின் என்பார்கள். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது அது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து புளிப்பதால் துவர்க்கிறது. வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவதால் துவர்ப்பு மிகக் குறைவு. டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கூடவே ஆட்டுக்கறியோ சீஸோ இருந்தால், அதிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு ஒயின் மெத்தென்று ஆகிவிடுகிறது. “துவர்ப்பு குறைவாக, புளிப்பு தூக்கலாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்டால், விவரமுள்ள கடைக்காரருக்கு அதுவே போதும்.

லேபிளில் ஒரு விஷயம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரைப் போடுவார்கள், ஆஸ்திரேலியாவும் கலிபோர்னியாவும் திராட்சையின் பெயரைப் போடும். ஷாப்ளி என்றால் உள்ளே இருப்பது ஷார்டனே திராட்சைதான்.

உணவகத்தில் பரிமாறுபவர் ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டுக் காத்திருக்கும்போது பலருக்கு வியர்க்கும். பிடித்திருக்கிறதா என்பதல்ல அங்கே கேள்வி, கெட்டுப்போயிருக்கிறதா என்பதுதான். கார்க்கிலிருந்து டி.சி.ஏ. என்ற பொருள் இறங்கிவிட்டால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். திருகு மூடி போட்ட புட்டியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அது மலிவின் அடையாளமும் அல்ல: ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை நன்றாகத் தயாரிப்பவர்கள் பலர் 2000-இல் ஒன்றுசேர்ந்து அதற்கு மாறினார்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். குளிரான ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்னது அது. 15 முதல் 18 டிகிரி வரை என்று வைத்துக்கொள்ளலாம். வெக்கையான ஊரில் குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சாராய நெடி அடங்கிப் பழ மணம் மேலே வரும்.

ஸ்பரியர் செய்ததை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று நண்பர்கள், ஒரே திராட்சை, மூன்று விலையில் மூன்று புட்டி. செய்தித்தாளைச் சுற்றி 1, 2, 3 என்று எழுதிவிட வேண்டும். சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, பிடித்த எண்ணை ஒவ்வொருவரும் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் தாளைப் பிரிக்க வேண்டும்.