ரேகை விழாத கைகள்: கிளவுட் கேட்கும் அடையாளமும் பட்டாசுத் தொழிலாளரும்

பட்டாசு ஆலை வேனில் இருந்து இறங்கிய கையோடு ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்கும் பெண்களை விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டி வட்டாரத்தில் பார்க்கலாம். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் வெள்ளியாய் மினுங்கும். சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு, பிஓஎஸ் கருவியின் கண்ணாடியில் விரலை வைப்பார்கள். "ரேகை விழலக்கா, வேற விரல வைங்க" என்பார் விற்பனையாளர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. வரிசை நீண்டுகொண்டே போகும்.

ஒரு விரல் கண்ணாடியில் பட்டதும் என்ன நடக்கிறது, ஏன் சில கைகளை மட்டும் கருவி ஏற்க மறுக்கிறது?

விரலில் இருந்து தரவு மையத்துக்கு

ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது என்பதுதான் அடையாளத்தின் சாரம். விரலில் இருந்து எடுத்த அந்தப் பதிவைக் கருவி சங்கேதமாக்கிப் பூட்டி, ஆதார் எண்ணோடு சேர்த்து அனுப்புகிறது. இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் மையத் தரவகத்துக்கு அது போய்ச் சேரும். பெங்களூருவிலும் ஹரியானாவின் மானேசரிலும் அதற்குத் தரவு மையங்கள் இருக்கின்றன. ஆதார் எடுத்த நாளில் கொடுத்த பத்து விரல் ரேகையும் இரு கருவிழிப் பதிவும் முகப்படமும் அங்கே உள்ளன. இப்போது வந்த ரேகை பழைய பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வரும்.

கையில் இருக்கும் சிறு கருவி கேட்க, எங்கோ இருக்கும் கணினிகள் பதில் சொல்லும் இந்த முறையைத்தான் பொதுவாக கிளவுட் சேவை என்கிறோம். ஆதாரை ஆணையம் தன் சொந்த மையங்களில் நடத்துகிறது என்றாலும் வேலை நடக்கும் விதம் அதுவே. சிக்னல் இல்லை என்றாலோ சர்வர் திணறினாலோ நல்ல ரேகைக்கும் அரிசி கிடைக்காமல் போவது இதனால்தான்.

ஏன் விழ மாட்டேன் என்கிறது?

பாஸ்வேர்டு என்றால் சரி, தவறு என இரண்டே விடை. ரேகை அப்படியல்ல. ஒரே விரலை இருமுறை வைத்தாலும் பதிவு அச்சு அசலாக ஒன்றுபோல் வராது. அதனால் கணினி மதிப்பெண் போடுகிறது; குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் 'ஆம்'. அந்த அளவை உயர்த்தினால் உரியவரே வெளியே நிற்க நேரிடும்; தாழ்த்தினால் வேறொருவர் உள்ளே நுழைந்துவிடலாம்.

இந்த ஊர்க் கைகளுக்கு அந்த மதிப்பெண் எளிதில் எட்டாது. நாள் முழுக்கக் குழாய் உருட்டும் விரலைக் காகிதம் தேய்க்கிறது. வெடிமருந்துத் தூள் தோலை வறளச் செய்து, ரேகைப் பள்ளங்களை அடைக்கிறது. சிறிது காலம் வேலைக்குப் போகாமல் இருந்தால் தேய்ந்த மேல்தோல் வளர்ந்துவிடும். வெடிவிபத்தில் ஆழமாகக் கருகிய விரலில் பழைய ரேகை திரும்புவதில்லை.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு விசாரணையின்போது, அரசு சேவைகளில் ஆதார் சரிபார்ப்பின் வெற்றி விகிதம் 88 விழுக்காடு என்று அன்றைய ஆணையத் தலைமை நிர்வாகி அஜய் பூஷண் பாண்டே விளக்கினார். அதாவது 100 முயற்சிகளில் 12 தோல்வி. சரிபார்ப்பு தோற்றதற்காக யாருக்கும் உதவி மறுக்கப்படாது என்று மத்திய அரசு அந்த வழக்கில் உறுதி கூறியது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு அந்த உறுதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

திருடுபோனால்?

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. 2019 ஆகஸ்டில், தென்கொரிய நிறுவனம் ஒன்றின் 'பயோஸ்டார் 2' என்ற இணையவழிப் பாதுகாப்புச் சேவையில், 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரேகைப் பதிவுகள் பாதுகாப்பின்றிக் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்தியாவிலோ, பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைச் சிலிக்கோனில் வார்த்து, ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் கணக்கைக் காலி செய்த வழக்குகள் பதிவாகின. வைக்கப்பட்டது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையை 2023இல் ஆணையம் கூடுதலாகக் கொண்டுவந்தது.

செல்போனில் விரல் வைத்துத் திறப்பது இதில் இருந்து வேறுபட்டது. அங்கே ரேகைப் பதிவு போனுக்குள்ளேயே தங்கிவிடும். 'உரியவர்தான்' என்ற சான்றை மட்டும் போன் வெளியே அனுப்பும். ரேகை பயணிக்காத இடத்தில் வழியில் திருட எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

ரேகை தேய்ந்தவர்கள் ஆதார் மையத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். செல்போன் எண்ணையும் சேர்த்துவிட்டால் ஓடிபி வழி கிடைக்கும். ஆணையத்தின் இணையதளத்தில் ரேகையைப் 'பூட்டி' வைக்கும் வசதி உண்டு. பூட்டியவர்கள் ரேஷன் வாங்கும் முன் திறக்க மறக்கக் கூடாது. சந்தேகம் என்றால் 1947 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

ஆனால் தொழிலாளியின் தலையிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றுவது நியாயம் ஆகாது. தமிழக ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் விரல்ரேகை முறை வந்தது. அதன் பிறகு கருவிழிக் கருவிகள் வந்தன. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கியது. மாற்று வழி திறக்க முடியும் என்பதற்கு இவையே சாட்சி. பட்டாசுத் தொழிலாளியின் 50 வயதுக் கைக்கும் அந்த வழி அதே வேகத்தில் திறக்க வேண்டும்.

ரேகை விழவில்லை என்றால் கருவிக்கு ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதான். வரிசையில் நிற்கும் அந்தப் பெண் யார் என்று ஊருக்கே தெரியும். பொருள் இருப்பை எழுதிவைக்கும் கரும்பலகையில், 'ரேகை விழாவிட்டால் ஓடிபி, கருவிழி, பதிவேட்டில் கையெழுத்து' என்ற ஒரு வரியையும் ஒவ்வொரு கடையிலும் எழுதிவைக்க வேண்டும். விரலை நாலு முறை துடைத்த பிறகு, கேட்டு வாங்கும் சலுகையாக அது இருக்கக் கூடாது.