ரூபாயா, யூரோவா?

கே.கே. நகரில் எங்கள் தெருக்கோடி வீட்டு மாமாவும் மாமியும் ஐரோப்பா போய்த் திரும்பினார்கள். மாமா ஈஃபில் கோபுரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மாமி சொன்னது ஒரே சமாசாரம்தான்: "போன நாள் பூராவும் என் கையில் தம்பிடி கிடையாது, அம்மா!"

கார்டுகளும் நோட்டுகளும் மாமாவின் இடுப்புப் பையில். பாரிஸ் சுரங்க ரயிலில் மாமா ஏறினார், கதவு மூடிக்கொண்டது. மாமி பிளாட்பாரத்தில்! அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வரும்வரை தண்ணீர் வாங்கக்கூடக் காசில்லாமல் நின்றார். "நம்ம வீட்டுக் கடுகு டப்பாவிலாவது ஐந்நூறு ரூபாய் இருக்குமே!"

சகோதரிகளே, தம்பதியாகப் போனாலும் உங்கள் பெயரில் ஒரு கார்டும், உங்கள் பையில் கொஞ்சம் யூரோவும் இருக்கட்டும். கார்டு மட்டும் இருந்தால் போதாது. 2020 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் மூடியே இருக்கும். புறப்படுமுன் வங்கிச் செயலியில் நாமே திறக்கவேண்டும். ஓ.டி.பி. வரும் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிற புத்திசாலிகளும் உண்டு!

இனி மாமா ஏமாந்த இடம். கடையில் கார்டை வைத்ததும் இயந்திரம் வெகு மரியாதையாகக் கேட்கும்: "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?" மாமா சொந்த ஊர்ப் பாசத்தில் ஒவ்வொரு தடவையும் ரூபாயைத் தொட்டார். வந்தது வினை! ரூபாய் என்றால், மாற்று விகிதத்தை அந்தப் பக்கத்தார் தங்கள் லாபத்தையும் சேர்த்து நிர்ணயிப்பார்கள். போதாக்குறைக்குச் சில வங்கிகள் இங்கேயும் தனிக் கட்டணம் போடும். எப்போதும் யூரோவையே தொடுங்கள்.

அப்படியும் செலவு முழுக்கத் தப்பாது. பல கார்டுகளில் 3.5 சதவிகிதம் வரை மாற்றுக் கட்டணம். அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. பத்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 413 ரூபாய் அதிகம். இரண்டு பேருக்கு நல்ல சாப்பாடு அது! யூரோவை முன்னதாகவே நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதே கார்டைச் சுவிட்சர்லாந்தில் நீட்டினால், அங்கே பிராங்க் அல்லவா, மறுபடி கட்டணம். கிரெடிட் கார்டில் ரொக்கம் மட்டும் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

1960-களில் மூன்று பவுனோடு லண்டனில் இறங்கியவர்கள் உண்டு. அரசாங்கம் அனுமதித்த அந்நியச் செலாவணி அவ்வளவுதான். 2024 பிப்ரவரியிலோ ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கே நம் யு.பி.ஐ. வந்துவிட்டது. ஆனால் அதை நம்பி ஐரோப்பா முழுவதும் சுற்ற முடியாது. ஸ்வீடனில் நோட்டை வாங்காத கடைகள் உண்டு. ஜெர்மனியிலோ கார்டை வாங்காத கடைகள். பல ரயில் நிலையங்களில் கழிப்பறைக்குக்கூடக் காசு வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இதன் அவசரம் தெரியும்.

மிச்சமான யூரோ நோட்டுகளை மாமா திருச்சியிலேயே மாற்றிவிட்டார். சில்லறையை இங்கே வாங்க ஆளில்லை. அதெல்லாம் இப்போது மாமியின் கடுகு டப்பாவில். அடுத்த பயணத்துக்குத் தம் பெயரில் கார்டு கேட்டு, மாமியே வங்கிக்குப் போய் வந்துவிட்டார்.