எலி வேட்டைக் குலத்தில் பிறந்த சிறு நாய்

மலேசியாவில், ஒருபுறம் தஞ்சோங் காராங்கின் நெல்வயல்களும் மறுபுறம் செம்பனைத் தோட்டங்களுமாக விரிந்து கிடக்கும் சுங்கை புரோங் வட்டாரத்தில், கதிரையும் பழக்குலையையும் ஒருங்கே தின்று கொழுக்கும் எலிக்குப் பஞ்சம் ஏற்பட்டதே இல்லை. இத்தகைய பூமியில் டாய் டெரியர் குட்டியொன்றை வளர்க்க விரும்புகிறவர், அதற்கு என்ன ஆகாரம் கொடுப்பது, எங்கே படுக்க வைப்பது என்று விசாரிப்பதற்கு முன்னால், அது எந்த வேலைக்காகப் படைக்கப்பட்ட ஜாதி என்பதை அறிந்துகொள்வது அவசியம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

வளர்ந்து முடிந்த பிறகும் மூன்று கிலோ சுமாரான எடையும் ஓரடிக்கு மேற்படாத உயரமும் கொண்ட இங்கிலீஷ் டாய் டெரியர், பார்வைக்கு மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே பிறந்ததுபோல் தோன்றினாலும், அதன் மூதாதையர் இங்கிலாந்தில் எலி பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவர்கள். லண்டன் மதுக்கடைகளில் குழியமைத்து, அதில் எலிகளைக் கொட்டி, நாயை இறக்கிப் பந்தயம் கட்டிய கொடிய காலம் ஒன்று இருந்தது. இரண்டரைக் கிலோ எடைகொண்ட ‘டைனி’ என்ற நாய், 1848லும் மறுபடி 1849லும், ஒரு மணி நேரத்துக்குள் 200 எலிகளைக் கொன்றதாகச் சரித்திரம் கூறுகிறது. அந்த விநோதத்தை இன்று எவரும் மெச்ச மாட்டார்கள்; மெச்சவும் கூடாது. ஆனால் அந்த இரத்தம் நம் வீட்டு வாசலில் துள்ளும் குட்டியின் நாளங்களிலும் ஓடுகிறது. செருப்பைக் கவ்வி உதறுவதும், சாக்கு மூட்டையின் இடுக்கில் மூக்கை நுழைத்து மணிக்கணக்கில் காத்திருப்பதும், மண்ணைப் பறிப்பதும் துஷ்டத்தனமல்ல. அவை அதன் பிறவிச் சுபாவம். அடித்துத் திருத்த முயல்வது வீண். வீசியெறிந்து கொண்டுவரப் பழக்க ஒரு பந்தும் கந்தல் முடிச்சும் கொடுத்தால் அந்த வேகம் நல்வழியில் செலவாகும்.

இந்தச் சுபாவமே நம் ஊரில் அதற்குப் பேராபத்தாகவும் முடியக்கூடும். தோட்டங்களிலும் வயல்களிலும் எலியை ஒழிப்பதற்குக் கூகைகளுக்குப் பெட்டிக்கூடு அமைத்துக் கொடுக்கும் அருமையான முறை வழக்கில் இருந்தபோதிலும், விஷக் கட்டிகளும் கூடவே வைக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரத்தம் உறையும் சக்தியை அழிப்பவை. குட்டி அவற்றைத் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்தே ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணும். விஷம் தின்ற எலியைத் தின்பதாலும் இத்தீங்கு நேரலாம். தின்றுவிட்டதென்று சந்தேகம் எழுந்தால், பாலும் எண்ணெயும் ஊற்றிக் காலத்தைப் போக்காமல், மருந்தின் உறையோடு கால்நடை வைத்தியரிடம் அன்றைக்கே ஓட வேண்டும். வைட்டமின் கே என்னும் மாற்று மருந்து உண்டு; அதைப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுக்க நேரிடும்.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவுவதும், நம்மவர் ‘கென்சிங் தீக்குஸ்’ என்று சொல்வதுமான காய்ச்சல், நாயையும் மனிதரையும் ஒன்றுபோல் தாக்கும். ஆகையால் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம்வரை இடைவெளி விட்டுப் போடும் ஊசிகளோடு, இந்நோய்க்கான தடுப்பூசியையும் சேர்த்துப் போடும்படி வைத்தியரிடம் கேட்டுப் பெறுங்கள். வாய்க்கால் நீரையும் தேங்கிய மழைநீரையும் அது நக்க விடாதீர்கள். கொசு மிகுந்த இப்பகுதியில் இதயப்புழுவுக்கும் உண்ணிக்கும் மருந்து இன்றியமையாதது.

ஆகாரத்தைப் பற்றிச் சொல்வதானால், இத்தனை சிறிய உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகச் சொற்பம். மூன்று மாதம் முடியும்வரை நாளைக்கு நான்கு வேளை சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் குட்டி தள்ளாடி நடுங்கக்கூடும். அப்போது ஈறில் சிறிது தேன் தடவி, உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். வெங்காயமும் சாக்லேட்டும் விஷமே. கால் எலும்புகள் மெல்லியவையாதலால், மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்தோ திண்ணையிலிருந்தோ குதிக்க விடலாகாது.

நாய்க்கு உரிமம் எடுப்பதும், வேலிக்குள் வைத்து வளர்ப்பதும் சட்டக் கடமை மட்டுமல்ல. நாயின் ஸ்பரிசத்தைத் தவிர்க்கும் மலாய் அண்டை வீட்டாருக்கு நாம் காட்டும் மரியாதையுமாகும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம்: எலி மருந்து வைக்கும் நாளையும் இடத்தையும், மருந்தின் பெயரையும், லயத்துக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அந்தப் பெயர் தெரிந்தால், வைத்தியர் சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க இயலும்.