காரில் பாடுகிறார் அப்பாயி!

ஆத்தூரில் இருந்து சேலத்துக்குக் காரில் போனால் ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு போக முடியுமா? பாட்டு வேண்டும்!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பா காரை ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா. பின்னால் தாத்தாவும், இரண்டு பிள்ளைகளும்.

ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே சண்டை தொடங்கிவிடுகிறது. தாத்தாவுக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாட வேண்டும். அம்மாவுக்கு எஸ்.பி.பாலசுப்பிரமணியம். பிள்ளைகளுக்கோ, போன வாரம் வந்த படத்தின் பாட்டு.

எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கட்டை விரல் அளவே உள்ள ஒரு துண்டில்! அதுதான் "பென் டிரைவ்". காரில் உள்ள பாட்டுப் பெட்டியில் அதைச் செருகினால் போதும்.

270 கேசட்டுகள்!

அந்தத் துண்டில் எத்தனை பாட்டு இருக்கும்?

16 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவில், நான்கு நிமிடப் பாட்டு சுமார் 4 ஆயிரம் அடங்கும். ஒரு மணி நேரக் கேசட்டில் அடங்கியது 15 பாட்டு. அப்படியானால், அந்தத் துண்டுக்குள் இருப்பது ஏறக்குறைய 270 கேசட்டுகள். ஒரு பீரோ நிறையும்!

தினமும் ஒருமுறை சேலத்துக்குப் போனாலும், எல்லாப் பாட்டையும் கேட்டு முடிக்க 9 மாதம் ஆகும்.

அந்தக் காலத்தில் காரில் பாட்டுக் கேட்பது லேசான காரியம் அல்ல. 1930-ம் ஆண்டில் அமெரிக்காவில் கால்வின் என்பவரின் கம்பெனி காருக்கான ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வைத்த பெயர்தான் "மோட்டரோலா".

ரேடியோவில் அவர்கள் போடும் பாட்டைத்தான் கேட்க முடியும். நமக்குப் பிடித்த பாட்டைக் கேட்க வேண்டுமே! 1956-ம் ஆண்டு மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி இசைத்தட்டுப் பெட்டியையே வைத்துப் பார்த்தது. ஓடும் காரில் இசைத்தட்டு! குலுங்கினால் முள் துள்ளாதா? சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள்.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டு வந்தது. அதன் பிறகுதான் வழி பிறந்தது. கேசட் குலுங்கினாலும் பாடும். நம் ஊர் கார்களிலும், தனியார் பஸ்களிலும் அது பல ஆண்டுகள் கொடி கட்டிப் பறந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, வெறும் கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

காதை ஏமாற்றும் கணக்கு

இவ்வளவு பாட்டும் விரல் அளவுத் துண்டில் அடங்கியது எப்படி?

ஆத்தூர் பஸ் நிலையத்தில் நிற்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் மெல்லப் பேசுகிறார். கேட்கிறது. திடீரென்று ஒரு பஸ் "பாம்" என்று ஹாரன் அடிக்கிறது. அந்த நேரத்தில் அவர் பேச்சு உங்கள் காதில் விழுமா? விழாது. ஆனால் அவர் பேசிக் கொண்டுதான் இருக்கிறார்.

பாட்டிலும் இப்படித்தான். தவில் ஓங்கி ஒலிக்கும்போது, அதன் பக்கத்திலேயே ஒலிக்கும் சில மெல்லிய ஓசைகளைக் காது பிடிப்பதில்லை. "காதில் விழாததை எதற்காகச் சுமக்க வேண்டும்?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அவற்றைக் கழித்துவிட்டார்கள். பாட்டின் அளவு 11-ல் ஒரு பங்காகச் சுருங்கியது!

இதுதான் எம்.பி.3. ஜெர்மனியைச் சேர்ந்த பிராண்டன்பர்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். பக்கவாத்தியமே இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடிய ஆங்கிலப் பாட்டு ஒன்றைத்தான் அவர் சோதனைக்கு வைத்துக்கொண்டார். முதலில் அந்தக் குரல் நாராசமாக வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். மத்தளத்தை ஏமாற்றிவிடலாம், மனிதக் குரலை ஏமாற்ற முடியாது போலும்!

பாட மறுக்கும் பெட்டி

பென் டிரைவை வாங்கிப் பாட்டை ஏற்றி, காரில் செருகினால் சில நேரம் பெட்டி வாயைத் திறப்பதில்லை. "ரிப்பேர்" என்று கடைக்கு ஓட வேண்டாம். பென் டிரைவுக்குள் பாட்டுகளை அடுக்கும் முறையில் பல வகை உண்டு. பெரும்பாலான கார்ப் பெட்டிகளுக்குத் தெரிந்தது "பேட் 32" என்ற வகை. கம்ப்யூட்டரில் அந்த வகைக்கு மாற்றி, பாட்டுகளை மறுபடி ஏற்றினால் பாடிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே, முதலில் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் பாட்டு முடிந்ததும் பத்தாம் பாட்டு வருகிறதா? பல பெட்டிகள் எண்ணை எழுத்தாகவே பார்க்கும். "1"-க்குப் பிறகு "10"-ஐத்தான் எடுக்கும். 001, 002 என்று பெயரிட்டால் வரிசையாக வரும்.

ஓட்டுபவர் பாட்டை மாற்றிக் கொண்டிருக்கக் கூடாது. அந்த வேலை பக்கத்தில் இருப்பவருக்கு! வாழப்பாடி தாண்டி லாரிகள் வரிசை கட்டி வரும்போது, கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

கம்பெனியிடம் இல்லாத பாட்டு

"பென் டிரைவ் எல்லாம் பழைய கதை. செல்போனில் எல்லாப் பாட்டும் வருகிறதே!" என்கிறார்கள் பிள்ளைகள்.

உண்மைதான். மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு. கம்பி இல்லாமலே காரில் பாடும். ஆனால் கல்வராயன் மலைக்கோ, பச்சை மலைக்கோ காரைத் திருப்பினால், சிக்னல் போகும் இடத்தில் பாட்டும் போய்விடும். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். கையில் இருக்கும் பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனியிடமும் இல்லாத பாட்டு உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம்!

1980-களில் பல வீடுகளுக்கு "டூ-இன்-ஒன்" வந்தது. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ஒன்றாக இருந்த பெட்டி. அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, வீட்டில் இருப்பவர்களின் குரலைப் பதிவு செய்தார்கள். குழந்தையின் மழலை, கல்யாண வீட்டு நலங்கு, வயதானவர்கள் பாடிய தாலாட்டு. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. போட்டோ இருக்கிறது. குரல்?

அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது. கேசட் நாடா என்பது பிளாஸ்டிக்கின் மேல் இரும்புத் துரு போன்ற தூளைப் பூசியது. ஆண்டுகள் ஆக ஆகப் பூச்சு உதிரும். சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இன்னும் 10 ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பவர்கள் ஏமாந்துபோகலாம்.

குரலை மாற்றி எடுப்பது கடினம் அல்ல. ஓடும் டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதுதான் பெரிய வேலை! உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் பிசுபிசுத்துப் போயிருக்கும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் மாற்றித் தருவார்கள்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். முதலில் அவற்றை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பிறகு ஹெட்போன் துளையில் இருந்து கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவுக்கான துளைக்கு ஒரு ஒயர். "அடாசிட்டி" என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பதிவு செய்யலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

காருக்கு எம்.பி.3 போதும். ஆனால் இப்படிப்பட்ட குரலைச் சுருக்காத பிரதி ஒன்றும் வைத்திருக்க வேண்டும். கழித்த ஓசை திரும்பி வராது. ஒன்றை வீட்டில் வையுங்கள். இன்னொன்றைத் தம்பி வீட்டிலோ, மகள் வீட்டிலோ வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் கிடக்கும் பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள்.

நம் ஆத்தூர்க் குடும்பத்துக்கு வருவோம். கார் பெத்தநாயக்கன்பாளையத்தைத் தாண்டிவிட்டது. இரு பக்கமும் மரவள்ளிக் காடு. தாத்தாவின் பாட்டு முடிந்தது. அம்மாவின் பாட்டு முடிந்தது. அடுத்து ஏதோ கரகரப்பு. நாடா ஓடும் ஓசை. ஒரு சேவல் கூவுகிறது. பிறகு ஒரு பெண்ணின் குரல், தாலாட்டு.

"யாருப்பா பாடறது?" என்று கேட்கிறாள் சின்ன மகள்.

"உங்க அப்பாயி, கண்ணு. 1985-ல பாடினது."

அவள் அப்பாயியைப் பார்த்ததே இல்லை. காதைத் தீட்டிக்கொள்கிறாள்.

"நடுவுல ஒரு பாப்பா அழுவுதே, அது யாரு?"

தாத்தா சிரிக்கிறார். காரை ஓட்டிக் கொண்டிருப்பவரின் தோளைத் தட்டுகிறார்.