ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள்... மீன் வருமானத்தில் தூர்வாரிய முன்னோர்!

மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே இன்று கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். 'ஏரி மாவட்டம்' என்றே பெயரெடுத்த பூமி!

இத்தனை ஏரிகளை யார் பராமரித்தார்கள்? இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் கோயில் சுவரில் பதில் இருக்கிறது. குடவோலைத் தேர்தலுக்குப் புகழ்பெற்ற, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஆண்டு, கி.பி. 921. 'ஏரி வாரியம்' என்ற குழுவுக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்கள்.

சரி, செலவுக்குப் பணம்? அதை ஏரியே கொடுத்தது. மீன் பிடிக்கும் உரிமைக்கு வசூலித்த 'பாசிப்பாட்டம்' தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கப்பட்டதை இடைக்காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். கோடையில் நீர் வற்றும்போது, சில ஏரிகளில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் தலைகாட்டும். அதுதான் குமிழித் தூம்பு. அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேலே இருக்கும் 'நீரோடி'த் துளையின் அடைப்பைத் தூக்கினால், கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக நீர் வயலுக்குப் பாயும். கீழேயுள்ள 'சேறோடி'த் துளைகள் வண்டலையும் இழுத்துச் செல்லும். தூர்வாரும் வேலையில் ஒரு பகுதி தானாகவே முடிந்துவிடும்!

இந்தத் தூண்களில் கல்வெட்டும் இருக்கலாம். ஏரியை ஆழப்படுத்தும் ஜே.சி.பி-க்கு அவை வெறும் கற்கள். உங்கள் ஊர் ஏரியில் அப்படித் தூண்கள் இருந்தால், போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.