உராய்வு

உராய்வு என்பது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகள் வழுக்குவதை, அல்லது வழுக்க முற்படுவதை, எதிர்க்கும் விசையாகும். இது தொடுபரப்புக்கு இணையாகச் செயற்படுகிறது. உராய்வு பொருளின் இயக்கத்தை எப்போதும் எதிர்க்கும் என்பது பரவலான பிழைக்கருத்து. அது எதிர்ப்பது பரப்புகளுக்கு இடையிலான சார்பு இயக்கத்தை மட்டுமே. நடக்கும்போது பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பாதம் பின்னோக்கி வழுக்காதவாறு தரை தரும் உராய்வு முன்னோக்கி அமைகிறது. நடப்பவரை முன்செலுத்தும் விசை இதுவே. எண்ணெய் சிந்திய தரையில் நடப்பது கடினமாவதும் இதனால்தான்.

நிலை உராய்வும் இயக்க உராய்வும்

பொருள் வழுக்கத் தொடங்குமுன் செயற்படுவது நிலை உராய்வு. இதற்கு நிலையான மதிப்பு இல்லை. தள்ளும் விசைக்கு ஏற்பத் தானும் கூடி, ஓர் உச்ச அளவை எட்டும். அவ்வுச்ச அளவு எல்லை உராய்வு எனப்படும். எல்லை உராய்வை, பரப்புகளை அழுத்தும் செங்குத்து விசையால் வகுத்தால் கிடைப்பது நிலை உராய்வுக் குணகம்.

எடுத்துக்காட்டாக, கிடைத்தரையில் உள்ள 10 கிலோகிராம் பெட்டியின் எடை 98 நியூட்டன். குணகம் 0.5 எனில் எல்லை உராய்வு 49 நியூட்டன். பெட்டியை 20 நியூட்டன் விசையுடன் கிடையாகத் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 49 என்று விடையளிக்கும் மாணவர் பலர். சரியான விடை 20 நியூட்டன். உராய்வு 49 ஆக இருந்தால், பெட்டி தள்ளுபவரை நோக்கியே நகர வேண்டியிருக்கும்!

வழுக்கத் தொடங்கியபின் செயற்படுவது இயக்க உராய்வு. இது பொதுவாக எல்லை உராய்வைவிடக் குறைவு.

விதிகளும் விளக்கமும்

உராய்வு செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் அமையும், தொடுபரப்பின் அளவைச் சார்ந்திராது என்ற விதிகளை லியொனார்டோ டா வின்சி முன்னரே கண்டிருந்தார். ஆனால் அவை அவரது குறிப்பேடுகளிலேயே தங்கிவிட்டன. 1699 இல் பிரான்சின் கியோம் அமொன்தொன் அவற்றை மீண்டும் கண்டறிந்தார். 1785 இல் சார்லசு கூலும் இவற்றை விரிவாக ஆய்ந்து வெளியிட்டார்.

பரப்பளவு பொருட்டல்ல என்பது வியப்பாகத் தோன்றலாம். வழவழப்பான பரப்பிலும் நுண்ணிய மேடுகள் உள்ளன; பரப்புகள் உண்மையில் தொடுவது அவற்றின் முனைகளில் மட்டுமே. செங்கல்லைப் படுக்கவைத்தாலும் நிறுத்திவைத்தாலும் அதன் எடை மாறுவதில்லை. ஆதலால் முனைகள் நசுங்கி உண்டாகும் மெய்யான தொடுபரப்பும் ஏறத்தாழ ஒன்றே. இவ்விளக்கத்தை 20ஆம் நூற்றாண்டில் பௌடன், டேபர் ஆகியோர் நிறுவினர். இவ்விதிகள் தோராயமானவை, இரப்பர் போன்ற பொருள்கள் இவற்றிலிருந்து விலகுகின்றன.

வாகனங்களில் உராய்வு

வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் ஓய்வில் உள்ளது. எனவே அங்கு செயற்படுவது நிலை உராய்வு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம், குணகம் 0.7 ஆக உள்ள உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் தேவை. மழையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர் தேவை. ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தில் கடக்கும் தொலைவு இதில் சேராது. பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் இயக்க உராய்வே எஞ்சும்; வாகனம் திருப்பிய திசையில் செல்லாமல் நேராகச் சறுக்கும். பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதே ஏ.பி.எஸ். அமைப்பின் வேலை.